விபத்து குறைந்ததா, கணக்கு குறைந்ததா?

2016-இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 17,218 பேர். 2020-இல் 8,059 பேர். நான்கே ஆண்டுகளில் 53 சதவீதம் குறைத்துவிட்ட மாநிலம் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி நம்மை மற்ற மாநிலங்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார். ஹெல்மெட் சோதனைக்கும் விழிப்புணர்வுப் பிரசாரத்துக்கும் கிடைத்த வெற்றி என்றே பலரும் நம்பினார்கள். அதற்குப் பிறகு வந்த மத்திய அரசின் ஆண்டறிக்கைகளில் பழைய எண்கள் திருத்தப்பட்டன. 2018-க்கு முதலில் சொன்ன 12,216 பிறகு 18,394 ஆனது. 2019-இன் 10,525 என்பது 18,129 ஆனது. 2020-இன் 8,059 என்பது 14,527 ஆனது. திருத்திய கணக்கில் பெரிய சரிவு 2020-இல் மட்டும்தான் தெரிகிறது. அது ஊரடங்கு ஆண்டு. 2023-இல் மறுபடியும் 18,347 பேர் இறந்திருக்கிறார்கள்.

ஒரு சாவு எப்படிக் கணக்கில் ஏறுகிறது என்று பார்த்தால், இந்த எண்களை ஏன் உரசிப் பார்க்க வேண்டும் என்பது புரியும். திருநெல்வேலி மாவட்டத்தில் திசையன்விளையிலிருந்து உவரி போகும் சாலையில் ஒருவர் பைக்கிலிருந்து விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காய வழக்காக எஃப்.ஐ.ஆர். பதிவாகிறது. அவரைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். பத்தாம் நாள் இறந்துபோகிறார். விபத்து நடந்த 30 நாளுக்குள் இறந்தால் அது சாலை விபத்துச் சாவுதான். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்து, ஸ்டேஷனில் வழக்கின் பிரிவை மாற்றி, மேலே அனுப்பிய மாதக் கணக்கையும் திருத்தினால்தான் அது எண்ணில் வரும். இடையில் எங்கே தவறினாலும் அவர் ஏட்டில் காயம்பட்டவராகவே இருப்பார்.

எண்ணிக்கை சரியாகவே இருந்தாலும் சிறிய ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு ஸ்டேஷன் எல்லையில் ஆண்டுக்குச் சராசரியாக 16 பேர் இறக்கிறார்கள் என்றால், சாலையிலும் ஓட்டுகிறவர்களிடமும் எந்த மாற்றமும் இல்லாமலேயே ஓர் ஆண்டு 10 ஆகவும் மறு ஆண்டு 22 ஆகவும் வரலாம். நடவடிக்கை எடுப்பது பெரும்பாலும் எண் ஏறிய ஆண்டுக்குப் பிறகுதான். அடுத்த ஆண்டு அது தானாகவே சராசரியை நோக்கி இறங்கும். பெயர் பிரசாரத்துக்குப் போகும். மாதத்தோடு மாதத்தை ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும். உவரி கோயிலுக்குக் கூட்டம் திரளும் வைகாசி விசாகம் 2023-இல் ஜூன் 2-ஆம் தேதி வந்தது, 2024-இல் மே 22. இரண்டு மே மாதங்களையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் திருவிழாப் போக்குவரத்தைத்தான் அளந்திருப்போம்.

இந்தச் சிக்கல்களைத் தாண்டிச் சரியாக அளக்கவும் முடியும். பிரிட்டனில் 1983 ஜனவரி இறுதியில் முன்சீட்டில் இருப்பவர்களுக்கு சீட் பெல்ட் கட்டாயமானது. ஜேம்ஸ் டர்பின், ஆண்ட்ரூ ஹார்வி என்ற புள்ளியியல் அறிஞர்கள் பல ஆண்டுகளின் மாதக் கணக்கை எடுத்து, பருவ ஏற்ற இறக்கத்தைப் பிரித்து, சட்டம் வராவிட்டால் எண் எப்படிப் போயிருக்கும் என்று கணித்தார்கள். ஓட்டுநர்களில் இறந்தவர்களும் படுகாயம் அடைந்தவர்களும் 23 சதவீதம் குறைந்திருந்தார்கள். முன்சீட்டுப் பயணிகளில் 30 சதவீதம். சட்டம் தொடாத பின்சீட்டுக்காரர்களிடம் அப்படிப்பட்ட குறைவு இல்லை. சாலை, மழை, பெட்ரோல் விலை எல்லாம் இரு தரப்புக்கும் ஒன்றுதான் என்பதால், அந்த வேறுபாட்டைச் சட்டத்தின் பலன் என்று துணிந்து சொல்ல முடிந்தது.

உயிர் காக்கும் முயற்சியில் போய் இப்படிக் கணக்குக் கேட்கலாமா, ஹெல்மெட் நல்லதுதானே என்று சிலர் கேட்பார்கள். நல்லதுதான், சந்தேகமே இல்லை. 61 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வறிக்கை, மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு ஹெல்மெட் சாவு அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைப்பதாகச் சொல்கிறது. ஆனால் பேரணி நடத்தியதால் ஹெல்மெட் தலையில் ஏறியதா என்பது தனிக் கேள்வி. கணக்குக் கேட்பது நல்ல திட்டத்துக்குக் காவலாகவும் இருக்கும். உதாரணமாக, தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. அந்த ஆண்டு 15,384 ஆக இருந்த சாவுகள் 2022-இல் 17,884 ஆயின. திட்டம் தோற்றுவிட்டது என்று இதை வைத்துச் சொன்னால் அநியாயம். 2021-இலும் ஊரடங்கு இருந்தது. மேலும் அது விபத்தைத் தடுக்கும் திட்டமே அல்ல, அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் திட்டம். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதுதான் அதற்குரிய அளவுகோல்.

வரும் ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் நடக்கும்போது உள்ளூர் கல்லூரி மாணவர்கள் ஒரு வேலை செய்யலாம். டிசம்பரில் ஒரு சாதாரண நாள், ஜனவரியில் ஒரு நாள், ஏப்ரலில் ஒரு நாள், ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நின்று, திசையன்விளையில் பைக்கில் போகிறவர்களில் எத்தனை பேர் ஹெல்மெட் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணி எழுதுங்கள். ஸ்டேஷனில் ஐந்தாண்டுச் சாவுக் கணக்கை, பிரிவு மாற்றிய வழக்குகளையும் சேர்த்து, கேட்டு வாங்குங்கள்.