எட்டு மாசத்துப் பிள்ளை பள்ளிக்கூடம் போனால்... தெரியுமா?

ஏழில் பிறந்தால் தங்கும், எட்டில் பிறந்தால் தங்காது என்பார்கள் நம் பாட்டிமார். பழைய கிரேக்க வைத்தியர்களும் அச்சு அசலாக இதையேதான் நம்பினார்கள், தெரியுமா? ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களில் எட்டு மாதக் குழந்தைக்கென்றே தனியாக ஒன்று உண்டு! இரண்டு தரப்புக்கும் கணக்கு தப்பு. வயிற்றில் ஒரு வாரம் கூட இருந்தால் அந்த ஒரு வாரமும் பிள்ளைக்கு லாபம்தான்.

எவ்வளவு லாபம்? 34 வாரத்தில் மூளையின் எடை, நிறைமாத மூளையில் சுமார் 65 சதவீதம்தான். மிச்சம் மூன்றில் ஒரு பங்கும் கடைசி ஐந்தாறு வாரத்தில் சேர்கிறது!

ஒரு மருத்துவ ஆய்வுக்கு லாலிபாப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நம்புவீர்களா? நெதர்லாந்தில் 2002, 2003-ல் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. 32 முதல் 35 வாரத்துக்குள் பிறந்தவர்களை, பள்ளியில் சேரும் நான்கு வயதுவாக்கில் பார்த்தபோது, வளர்ச்சியில் பின்தங்கியவர்கள் 8.3 சதவீதம். நிறைமாதத்தில் பிறந்தவர்களில் 4.2. கிட்டத்தட்ட இரு மடங்கு! (பதறாதீர்கள்: நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் சரியாகத்தான் இருந்தார்கள்.) ஏழு வயதில் வந்தது அடுத்த ஆச்சரியம். பேச்சறிவில் வித்தியாசம் இல்லை, சொன்னதை நினைவில் வைப்பதில் இல்லை, ஓடியாடுவதிலும் இல்லை. கவனத்தைப் பிடித்து வைப்பது, அவசரத்தை அடக்குவது, கண்ணால் இடமும் வடிவமும் அளப்பது ஆகியவற்றில்தான் லேசான சறுக்கல். வாயாடிப் பிள்ளை கணக்கு நோட்டில் மட்டும் தடுமாறினால் 'சேட்டை' என்றுதானே நாம் முடிவு கட்டுவோம்?

ஸ்காட்லாந்தில் நாலு லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களை அலசி 2010-ல் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி மேலே. படிப்பில் தனி உதவி தேவைப்பட்டவர்கள் மிகக் குறைவாக இருந்தது எந்த வாரத்தில் தெரியுமா? 41-ல்! நாம் நிறைமாதம் என்று நிம்மதியாகிவிடும் 37, 38-லேயே அபாயம் சற்றுக் கூடுதலாக இருந்திருக்கிறது.

கடைசியாக ஒரு காலண்டர் கூத்து. இங்கிலாந்தில் வகுப்பைப் பிரிக்கும் கோடு ஆகஸ்ட் 31. அக்டோபரில் பிறக்க வேண்டியவன் அவசரப்பட்டு ஆகஸ்டில் வந்துவிட்டால், ஒரு வகுப்பு மேலே போய் உட்கார வேண்டியதுதான்! பெற்றோர் ஒரு வருடம் தள்ளிச் சேர்க்கக் கேட்கலாம். ஆனால் தள்ளி வரும் பிள்ளை தொடக்க வகுப்பில் உட்காருமா, நேரே ஒன்றாம் வகுப்பா என்பதைத் தீர்மானிப்பது அட்மிஷன் போடுகிறவர்கள்.