அந்த மேகம் எத்தனை மணிக்கு எடுத்த படம்?

1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் எழுவான்கரையில், களுவாஞ்சிக்குடி போன்ற ஊர்களுக்கு வங்கக் கடலில் திரளும் மேகம் உயிர்ப் பிரச்சினை.

இன்று அந்த மேகத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். 2013இல் ஏவப்பட்ட இந்தியாவின் இன்சாட்-3டி செய்மதி நிறுத்தப்பட்ட இடம் கிழக்கு நெட்டாங்கு 82 பாகை. களுவாஞ்சிக்குடியின் நெட்டாங்கும் ஏறத்தாழ அதுவே. சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்திலிருந்து இந்த வரிசைச் செய்மதிகள் எடுக்கும் படங்களை இந்திய வானிலை ஆய்வுத் துறை இணையத்தில் வெளியிடுகிறது. உயர்தரத்தில் பைதன் படிக்கும் மாணவர் ஒருவர், அவற்றைத் தரவிறக்கிக் கணினித் திரையில் தனிச் சாளரமாகக் காட்டும் நிரலைத் தானே எழுதிவிடலாம்.

சேவையகம் அனுப்புவது பைட்டுகளின் நீண்ட வரிசையை. 1,000 பிக்சல் அகலமும் 1,000 பிக்சல் உயரமும் உள்ள வண்ணப் படத்துக்கு, பிக்சலுக்கு மூன்று பைட்டு வீதம், 30 இலட்சம் பைட்டு தேவை. ஜேபெக் முறை இதைப் பல மடங்கு சுருக்குகிறது. அதன் அடிப்படைக் கணிதத்தைப் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, ரி. நடராஜன், கே. ஆர். ராவ் மூவரும் 1974இல் வெளியிட்டார்கள். படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றின் ஒளி ஏற்றத்தாழ்வையும் அலைகளாக எழுதி, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண் அலைகளைச் சுருக்கும்போது கழித்துவிடுகிறார்கள். சுருங்கிய படத்தை நிரல் திரும்ப விரித்து, சிவப்பு, பச்சை, நீல எண்களாக நினைவகத்தில் வைத்த பிறகே சாளரம் வரையத் தொடங்கும். பைதனில் சாளரம் வரையும் தொகுதியான டிகேஇன்டர் தானாக ஜேபெக்கை வாசிக்காது. பில்லோ தொகுதியின் துணை வேண்டும். விரித்த படத்தை ஒரு மாறியில் பிடித்து வைக்கவும் வேண்டும். இல்லையேல் நினைவகத் துப்புரவில் அது அழிந்து, சாளரம் வெறுமையாக நிற்கும்.

சாளரத்தை வரைவதும் சுட்டியின் சொடுக்கைக் கவனிப்பதும் நிரலின் ஒரே இழையின் (thread) வேலை. கடையில் தனியாக நிற்பவர் சாமான் எடுக்கப் பின்கட்டுக்குப் போனால் வாடிக்கையாளர் காத்து நிற்பதுபோல, அந்த இழையைத் தரவிறக்கத்துக்கு அனுப்பினால் சாளரம் உறைந்துவிடும். தரவிறக்கத்தை வேறோர் இழையிடம் விட வேண்டும்.

படம் தெரிந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் ஆபத்து. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தில் படத்தின் முகவரி மாறுவதில்லை. அதே பெயரில் புதிய படம் வந்து அமர்கிறது. இடையிலுள்ள தற்காலிகச் சேமிப்பு பழையதையே திரும்பத் தரலாம். மழையில் இணைப்பு அறுந்தால் முன்பு வந்த படம் திரையிலேயே நிற்கும். மேகம் கரையை நெருங்கியிருக்க, சாளரமோ அதைத் தொலைகடலிலேயே காட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே, எடுத்த நேரத்தைப் படத்தின் மேலேயே பெரிதாகக் காட்ட வேண்டும். செய்மதிப் படங்களில் வழக்கமாக இருப்பது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்டினால் இலங்கை நேரம். குறித்த வேளையில் புதிய படம் வராவிட்டால், "இது பழைய படம்" என்று சாளரம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கடலுக்குப் போவதை முடிவுசெய்ய இலங்கை வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலையே நம்ப வேண்டும் என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

நிரலாக்கம் கற்பிக்கும் ஆசிரியர்கள் படம் தோன்றியதும் புள்ளி போட்டுவிடாமல், இணைய இணைப்பைத் துண்டித்து, அப்போது நிரல் என்ன சொல்கிறது என்று பார்த்துப் புள்ளி போட வேண்டும்.