பொரிவதற்குள் போய்ச் சேர வேண்டும்

கொடுவா மீனின் முட்டை முக்கால் மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். கண்ணாடிபோல் தெளிந்து, உள்ளே ஓர் எண்ணெய்த் துளியோடு கடல்நீரின் மேல்மட்டத்தில் மிதக்கும். 28 டிகிரி வெப்பத்தில், கருவுற்ற 16, 17 மணி நேரத்தில் பொரிந்துவிடும். இந்தக் கெடு, முட்டையை ஊர்விட்டு ஊர் கொண்டுபோக நினைப்பவருக்குப் பெரிய தலைவலி.

மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் (சிபா), இந்தியாவிலேயே முதன்முறையாக 1997இல் கொடுவாவைத் தொட்டியில் வைத்து இனப்பெருக்கம் செய்யவைத்தது. அதன் ஆய்வு நிலையம் முட்டுக்காட்டில் இருக்கிறது. அங்கிருந்து திருவள்ளூர் மாவட்டக் கரையோரக் குட்டைகளுக்கு நூறு கிலோமீட்டருக்குள்தான். ஆனால் நடுவே சென்னை நகரம். அதைத் தாண்டினால் கும்மிடிப்பூண்டி சிப்காட் லாரிகளோடு ஜி.என்.டி. சாலை. நாலு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

கொடுவா இரவில் முட்டையிடும். முதல் சில மணி நேரம் கரு இரண்டு, நான்கு, எட்டு செல்களாகப் பிரிந்துகொண்டிருக்கும். அப்போது குலுக்கினால் கெட்டுப்போகும். உடல் வடிவம் தெரிய ஆரம்பித்த பிறகு ஓரளவு தாங்கும். ஆகவே விடியற்காலையில் கிளம்புவதுதான் தோது. வெயில் ஏறுவதற்குள் சேர்ந்தும்விடலாம். வழியிலேயே பொரிந்துவிட்டால் ஓடுகளும் கழிவும் சேர்ந்து பை நீர் கெட்டுவிடும்.

பொதி கட்டுவதற்கு முன் தொட்டியில் காற்றுக் குழாயைச் சற்று நேரம் நிறுத்துவார்கள். நல்ல முட்டை மேலே வரும். செத்தது வெளுத்து அடியில் தங்கும். அடியில் தங்கியதைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். இதில் சோம்பல் கூடாது. செத்த முட்டை அழுகினால் பக்கத்தில் இருப்பதன் ஆக்சிஜனையும் தின்றுவிடும். பாலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு வடிகட்டிய கடல்நீர், மீதி ஆக்சிஜன். பையைத் தெர்மோகோல் பெட்டியில் வைத்து, காகிதத்தில் சுற்றிய பனிக்கட்டியைப் பக்கத்தில் வைப்பார்கள். சூடு இரண்டு மூன்று டிகிரி குறைந்தால் கருவின் வளர்ச்சி நிதானப்படும், நமக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். ரொம்பக் குளிர்ந்தால் குஞ்சு கோணலாகும்.

இறக்கும் இடத்தில் பையை அப்படியே தொட்டியில் மிதக்கவிட்டு, சூடு சமமான பிறகே அவிழ்க்க வேண்டும். உப்பையும் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில், திருவள்ளூர்க் கரையோரம் உள்ள பழவேற்காடு ஏரியின் உப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அந்த நீரில் கொடுவா முட்டை மிதக்காமல் அடியில் போய்க் கிடக்கும்.

குளிர்நாட்டு மீன்களுக்கு இந்த அவசரம் இல்லை. 1864இல் ‘நார்ஃபோக்’ என்ற கப்பல், பாசியில் பொதிந்து பனிக்கட்டிக்கடியில் வைத்த சால்மன், ட்ரவுட் முட்டைகளை இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் கொண்டுபோனது; அங்கிருந்து வேறு கப்பலில் டாஸ்மேனியா சேர்ந்த முட்டைகள் அங்கே பொரிந்தன. கருவின் கண் கரும்புள்ளியாகத் தெரிந்த பிறகு ட்ரவுட் முட்டை நெடும்பயணத்தையும் தாங்கும். வெப்பக் கடல் மீனுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

நோய் இன்னொரு கவலை. கொடுவாக் குஞ்சுகளைக் கொத்தாகக் கொல்லும் நரம்பு நோய் வைரஸ், தாய் மீனிடமிருந்து முட்டையோடே வந்துவிடும். முட்டையைக் கழுவினாலும் முழுப் பாதுகாப்பு இல்லை; தாய் மீனைச் சோதிப்பதே வழி.

என்னைக் கேட்டால், வெறும் குட்டை மட்டும் வைத்திருக்கும் பண்ணையாளர் முட்டைப் பக்கமே போக வேண்டாம். பொரிந்த மூன்றாம் நாளே ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிரைத் தீனியாகக் கொடுக்க வேண்டும். அதை வளர்க்கத் தனித் தொட்டிகளும் ஆளும் வேண்டும். அவருக்கு விரல் நீளக் குஞ்சுதான் சரி. பொரிப்பகம் நடத்துபவர்கள் முட்டை வாங்கும்போது மூன்று விவரங்களைப் பையின் மேல் எழுதித் தரச் சொல்லுங்கள்: முட்டையிட்ட நேரம், நீரின் உப்பு, தாய் மீனைச் சோதித்த தேதி.