நாற்காலி வந்தது, நான் வரவில்லை என்றார்!

நாட்டை ஆளும் நாற்காலி கைக்கெட்டும் தூரத்திலே. வெற்றி உமக்கே என்று கட்டியம் கூறுகின்றன கருத்துக் கணிப்புகள். அந்த வேளையில் வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? பிரான்சு நாட்டு ஜாக் டெலோர் சொன்னார். 1994 டிசம்பரில், டெலிவிஷனில், நாடே பார்த்திருக்கச் சொன்னார்!

யார் இவர்? சீமான் வீட்டுச் செல்லப்பிள்ளை அல்ல. பாங்கு ஊழியர், தொழிற்சங்கத்தில் பாடம் பயின்றவர். 1981-ல் மித்தரான் ஆட்சியில் நிதியமைச்சர். 1985 முதல் பத்தாண்டுகள், பிரசல்சில் ஐரோப்பியக் கமிஷனின் தலைவர். 12 நாடுகளை ஒரே சந்தையாக்கும் வேலையை முன்னின்று நடத்தினார். 1993-ல் அது நடைமுறைக்கு வந்தது.

சந்தை முதலாளிக்கு மட்டும்தானா? இல்லை என்றார் டெலோர். 1988-ல் பிரிட்டிஷ் தொழிற்சங்க மாநாட்டுக்கே சென்று, பாட்டாளியின் உரிமைக்கும் ஐரோப்பா காவல் நிற்க வேண்டும் என்றார். எழுந்து நின்று கைதட்டினர் தொழிலாளர்! தாட்சர் அம்மையாருக்கோ கடுங்கோபம். மறு ஆண்டு தொழிலாளர் உரிமைச் சாசனம் வந்தது. 11 நாடுகள் ஏற்றன, பிரிட்டன் மட்டும் மறுத்தது.

குறையே இல்லாதவரா? 1983-ல் நிதியமைச்சராக அவர் நடத்திய சிக்கனம், உழைப்பாளி வீட்டு அடுப்பையும் சுட்டது. மறைக்கமாட்டோம்.

ஆயினும், நாற்காலியை ஏன் மறுத்தார்? தம் திட்டத்தை நிறைவேற்றத் துணைநிற்கும் பெரும்பான்மை கிடைக்காது என்று கண்டார். செய்ய முடியாததைச் சொல்லி மக்களிடம் ஓட்டு வாங்க அவர் உள்ளம் ஒப்பவில்லை.

2023-ல், 98-ம் வயதில் மறைந்தார். பதவிக்காகச் சொல்லை விற்போர் மலிந்த உலகிலே, சொல்லுக்காகப் பதவியை விட்டவரை நாம் மறவோம்!