முதிர்ந்த வேளாண் ரம்

முதிர்ந்த வேளாண் ரம் என்பது புதிய கரும்புச் சாற்றை நொதிக்கச் செய்து, காய்ச்சி வடித்து, ஓக் மரப்பீப்பாய்களில் பல ஆண்டுகள் வைத்துப் பெறப்படும் மது வகையாகும். பிரெஞ்சு மொழியில் இது ரம் அக்ரிகோல் எனப்படுகிறது. மர்தினிக், குவாதலூப், ரீயூனியன் ஆகிய தீவுகள் இதற்குப் பெயர் பெற்றவை. இந்தியாவின் ஓல்ட் மாங்க் உள்ளிட்ட பெரும்பாலான ரம் வகைகள், சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் மொலாசஸ் என்னும் கழிவுப்பாகிலிருந்து தயாரிக்கப்படுகின்றன.

வரலாறு

மர்தினிக்கில் 1848இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதால் கரும்புத் தோட்டங்களில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. இதனை ஈடுசெய்யத் தென்னிந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். ஒரேலி என்ற முதற் கப்பல் 1853 மே மாதம் அங்குச் சென்றடைந்தது. 1880கள் வரை ஏறத்தாழ 25,000 பேர் சென்றனர். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியே சென்ற தமிழர்கள் இவர்களுள் கணிசமானோர். பலர் தாயகம் திரும்பவில்லை. பாஸ்-புவான்ட் பகுதியில் இவர்களது வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர்.

ஐரோப்பாவில் பீட்ரூட் சர்க்கரை பெருகியதால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கரும்புச் சர்க்கரையின் விலை வீழ்ந்தது. விற்க இயலாத கரும்பின் சாற்றை நேரடியாக வடிக்கும் முறை இதனால் பரவியது. 1996இல் மர்தினிக் ரம்முக்குப் புவிசார் குறியீட்டை ஒத்த பிரெஞ்சுத் தோற்றப் பெயர்க் காப்பு வழங்கப்பட்டது. முதிர்ந்தது எனக் குறிப்பிட, குறைந்தது 3 ஆண்டுகள் பீப்பாயில் இருத்தல் வேண்டும்.

வரம்புக்குட்பட்ட வெளியீடுகள்

வெப்ப மண்டலத்தில் பீப்பாயிலிருந்து மது விரைவாக ஆவியாகிறது. ஆண்டுக்கு 8 விழுக்காடு இழப்பு எனக் கொண்டால், 200 லிட்டர் பீப்பாயில் 10 ஆண்டுகளுக்குப் பின் சுமார் 87 லிட்டரே எஞ்சும். நீர் கலக்காவிடில் இது 700 மில்லிலிட்டர் அளவுள்ள 124 புட்டிகளுக்கு மட்டுமே போதுமானது. எனவே ஒற்றைப் பீப்பாய் வெளியீடுகள் இயல்பாகவே எண்ணிக்கையில் குறைந்தவை.

சுவைத்தல்

வாய் குறுகிய கண்ணாடிக் குவளையில் சிறிதளவு ஊற்றிச் சில நிமிடங்கள் விடப்படும். முதலில் எழும் சாராய நெடி தணிந்தபின் மணம் தெளிவாகும். பச்சைப் புல், புதிதாகப் பிழிந்த கரும்பு ஆகியவற்றின் மணம் மூலப்பொருளிலிருந்து வருவது. வனிலா, பட்டை, கிராம்பு, உலர்பழம் போன்றவற்றை நினைவூட்டும் மணங்கள் பெரும்பாலும் மரத்தாலும் முதிர்ச்சியாலும் ஏற்படுபவை. மரத்தின் மணம் கரும்பின் மணத்தை மறைத்துவிடாமல் இரண்டும் இணைந்திருப்பதே சிறந்த முதிர்ச்சியின் அடையாளமாகக் கருதப்படுகிறது. நிறத்தை மட்டும் கொண்டு வயதைக் கணிக்க இயலாது.

சிறு மிடறாக எடுத்து நாவில் பரவவிட்டுப் பின் விழுங்குவர். செறிவு மிகுந்த வகைகளில் சில துளி நீர் சேர்ப்பதுண்டு. குளிர்ச்சி மணத்தை மட்டுப்படுத்தும் என்பதால் பனிக்கட்டி பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. முதிராத வெள்ளை ரம், எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்து அருந்தப்படுகிறது.

இந்தியாவில்

அரியானா மாநிலத்தின் இந்திரியில் உள்ள பிக்காடிலி வடிசாலை, கரும்புச் சாற்றில் வடித்து 12 ஆண்டுகள் முதிர்வித்த காமிகரா என்ற ரம்மை 2020களில் வெளியிட்டது. வேளாண் ரம்முக்கு நெருங்கிய இந்திய எடுத்துக்காட்டாக இதனைக் கூறலாம்.