மூக்குக்கண்ணாடியின் கீல்

திண்டுக்கல் கடைத்தெருவில் ஒரு நாள் காலை நின்று, வருவோர் போவோர் முகங்களைச் சற்றுக் கவனித்தால் ஒரு காட்சி தப்பாமல் கண்ணில் படும். மூக்குக்கண்ணாடி அணிந்த வயோதிகர்களில் யாரேனும் ஒருவர் அதன் கையை நூலால் கட்டியிருப்பார். வேறொருவர் திருகாணி விழுந்த துவாரத்தில் குண்டூசியைச் செருகி வளைத்திருப்பார். கண்ணாடி வில்லைக்கு ஊனமில்லை; சட்டத்துக்கும் ஊனமில்லை. இரண்டையும் இணைக்கும் கீல் மட்டும் போய்விட்டது. கால் அங்குலமும் இல்லாத ஓர் உலோகத் துண்டு பழுதானதால், மனிதர் பாதிக் குருடராகிறார்.

இது அற்ப விஷயம், தேசியப் பத்திரிகையில் இதற்கு இடம் எதற்கு என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். அற்ப விஷயமல்ல என்பதே நமது அபிப்பிராயம். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குச் சமீபப் பார்வை மங்குவது இயற்கையின் விதி. நாமும் அந்த வயதினரே. நீதிமன்றக் கட்டுகளைக் கைநீட்டித் தூரத்தில் பிடித்துப் படிக்க ஆரம்பித்த நாள் நமக்கு நினைவிருக்கிறது. நமக்குக் கண்ணாடி வாங்க வசதியிருந்தது. வசதியற்றவர்கள் எத்தனை பேர்? சமீபப் பார்வை மங்கியும் அதற்கு நிவாரணம் பெறாதவர்கள் உலகத்தில் 82 கோடியே 60 லக்ஷம் பேர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ம் வருஷ அறிக்கையில் கணக்கிட்டது. இந்த வியாதிக்கு மருந்து வேண்டாம், சத்திர சிகிச்சை வேண்டாம். ஒரு ஜோடி வில்லையும் அதைத் தாங்க ஒரு சட்டமும் போதும்.

பார்வை மங்கினால் முதலில் குறைவது கூலி. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன 751 தொழிலாளர்களைக் கொண்டு நடத்திய பரிசோதனையின் முடிவு 2018-ல் வெளியாயிற்று. கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலை, பெறாதவர்கள் பறித்ததைவிட நூற்றுக்கு 21.7 பங்கு அதிகமாயிற்று. இலை பறிப்பவருக்கு இப்படியானால், சின்னாளபட்டியில் இழை பார்த்து நெய்கிறவருக்கும், சுங்கடிக்கு முடிச்சுப் போடுகிற பெண்ணுக்கும், திண்டுக்கல் பட்டறையில் சாவிக்குப் பல் ராவுகிறவருக்கும் எப்படியிருக்கும்? கைத்திறன் முதிரும் வயதிலேயே கண் சதி செய்கிறது. முப்பது வருஷம் கற்ற வித்தை ஒரு கண்ணாடி இல்லாமல் வீணாகிறது.

இலவச முகாம்களில் கண்ணாடி வழங்குகிறார்களே என்று கேட்கலாம். வழங்குகிறார்கள், அந்தத் தர்மத்தை நாம் வணங்குகிறோம். ஆனால் வழங்கிய கண்ணாடி எத்தனை நாள் உழைக்கிறது என்பதே கேள்வி. கண்ணாடியில் ஓயாமல் அசைகிற உறுப்பு கீல் ஒன்றுதான். காலையில் விரிக்கிறோம், இரவில் மடக்குகிறோம், நடுவே பத்துத் தடவை சட்டைப் பையில் செருகுகிறோம். அசைவு முழுவதையும் தாங்குவது ஒன்றரை மில்லிமீட்டர் கூடத் தடிமன் இல்லாத ஒரு திருகாணி. அது தளர்கிறது, விழுகிறது, மண்ணில் மறைகிறது. நகரவாசி கடைக்குப் போய் வேறொன்று போட்டுக்கொள்கிறார். ஆத்தூர்ப் பக்கத்திலோ வேடசந்தூர்ப் பக்கத்திலோ உள்ள விவசாயிக்கு ஒரு நாள் கூலியும் பஸ் சத்தமும் செலவு. அவர் கண்ணாடியைப் பரணில் வைத்துவிடுகிறார்.

ஆகவே மலிவான கண்ணாடி என்றால், மலிவாகவும் பலமாகவும் கிராமத்திலேயே பழுது பார்க்கத் தக்கதாகவும் உள்ள கீல் என்று பொருள். அத்தகைய கீலை மெல்லிய தகட்டிலிருந்து வெட்டி வளைத்துச் செய்யலாம். அதைச் செய்யத் திண்டுக்கல்லைவிடத் தகுந்த ஊர் தமிழ்நாட்டில் இல்லை என்று நாம் கருதுகிறோம்.

திண்டுக்கல் பூட்டின் பெருமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பூட்டின் உள்ளே இருப்பது என்ன? தகட்டை வெட்டுதல், அரத்தால் ராவுதல், லீவர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குதல், தறையாணி அடித்து முடுக்குதல், அடித்த பின்னும் உள்ளுறுப்பு இறுகாமலும் ஆடாமலும் அசையும்படி விடுதல். மூக்குக்கண்ணாடிக் கீலுக்கு வேண்டிய வித்தையும் இதுவே. அளவு மட்டும் சிறியது. ஆனால் புவிசார் குறியீடு பெயரைக் காக்குமே தவிர வயிற்றைக் காக்காது. இயந்திரத்தில் குவியும் மலிவுப் பூட்டுகளோடு போட்டியிட்டு, கைப்பூட்டுச் செய்கிறவர் சோர்ந்துபோயிருக்கிறார். மகனை இந்தத் தொழிலுக்கு அனுப்ப அவருக்கு மனமில்லை. வித்தை இருக்கும்போதே அதற்கு வேறொரு வேலை காட்டாவிட்டால், பின்னால் விழா எடுத்துப் பயனில்லை.

தகட்டுக் கீல் எப்படியிருக்க வேண்டும் என்பதைச் சற்று விளக்குவது அவசியம். சுதேசி என்ற பெயரில் மட்டமான பொருளை ஜனங்கள் தலையில் கட்டுவது தேசபக்தியாகாது.

கீலுக்கு இரண்டு இலைகள் உண்டு. ஒன்றில் நடுவே ஒரு நாக்கு. மற்றொன்றில் இரு ஓரங்களிலும் இரண்டு நாக்குகள். நாக்குகளைக் குழலாகச் சுருட்டி, ஒன்றை மற்ற இரண்டின் நடுவே நுழைத்து, குறுக்கே அச்சாணி செருகினால் கீல் முடிந்தது. கதவுக் கீலை அறிந்தவர்களுக்கு இதில் புதுமை இல்லை. ஆனால் தகடு சுமார் 0.8 மில்லிமீட்டர் கனமுள்ளது என்று வைத்துக்கொண்டால், சிரமங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்.

முதலாவது, வளைப்பு. வளைவின் உள்ஆரம் தகட்டின் கனத்துக்குக் குறைந்தால் வெளிப்புறம் வெடிக்கும். ஆலையில் தகடு எந்தத் திசையில் உருட்டப்பட்டதோ அந்தத் திசைக்குக் குறுக்காக வளைக்க வேண்டும். அதே திசையிலேயே வளைப்புக் கோடு போனால் நாளடைவில் அங்கேயே விரிசல் காணும். தகடு மிக மெதுவாயிருந்தால் குழல் வாயைப் பிளக்கும். மிகக் கடினமாயிருந்தால் சுருளாமல் முறியும். நடுத்தரக் கடினமே உகந்தது.

இரண்டாவது, அச்சாணி. வழக்கமான கீல்களில் திருகாணி போடுகிறார்கள். 1.4 மில்லிமீட்டர் திருகாணியில் ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடைவெளி 0.3 மில்லிமீட்டர். 0.8 மில்லிமீட்டர் தகட்டில் மூன்று புரிகூட முழுதாகப் பிடிக்காது. கனமான கீலின் மாதிரியை மெல்லிய தகட்டில் அப்படியே காப்பியடித்தால் வரும் கேடு இதுதான். துவாரத்தைச் சுற்றித் தகட்டைக் குத்தி எழுப்பிக் கழுத்துப் போலாக்கி, அதில் புரி போடலாம். அல்லது திருகாணியை அடியோடு விட்டுத் தறையாணி அடிக்கலாம். தறையாணி தானாகக் கழலாது; கழன்றாலும் சிறு சுத்தியல் உள்ள எவரும் வேறொன்று அடித்துவிடலாம். பட்டிக்காட்டுக்கு ஏற்றது தறையாணியே என்பது நமது எண்ணம்.

மூன்றாவது, இறுக்கம். கண்ணாடியின் கை தன் பாரத்தாலேயே தொங்கி ஆடக்கூடாது. விரலால் தள்ளினால் முரண்டவும் கூடாது. இந்த இடத்தில் தகடு நமக்குத் துணை செய்கிறது. சுருட்டிய குழல் தானே ஒரு வில்லாக நின்று அச்சாணியை மெதுவாகக் கவ்விக்கொள்ளும். கடைந்தெடுத்த கனத்த கீலுக்கு இந்தக் குணம் இல்லை. குழலை எந்த அளவுக்கு மூடுவது என்பது மட்டும் கையறிந்த வேலை.

நான்காவது, உலோகம். முகத்தில் வேர்வை வடியும் தேசம் இது. வெற்று இரும்பு துருப்பிடிக்கும், பித்தளை களிம்பேறும், நிக்கல் பூச்சு சிலருடைய தோலுக்கு ஆகாமல் அரிப்பு உண்டாக்கும். துருப்பிடிக்காத எஃகுத் தகடு சற்று விலை கூடுதலானாலும், ஒரு கீலுக்குச் செலவாகும் எடை மிகச் சொற்பம். வெட்டிய விளிம்பில் நிற்கும் பிசிறை உருளைப் பெட்டியில் கல்லோடு உருட்டி நீக்க வேண்டும். இல்லாவிட்டால் அது கன்னப்பொறியைக் கீறும்.

இவற்றுக்கெல்லாம் தாய் வெட்டச்சு. மேலச்சுக்கும் கீழச்சுக்கும் நடுவே ஒவ்வொரு பக்கத்திலும் விட வேண்டிய இடைவெளி தகட்டின் கனத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு. அதாவது ஏறக்குறைய ஒரு தலைமயிரின் கனம். அதை அரத்தால் ராவிப் பொருத்துகிறவர் பூட்டுப் பட்டறையில் இருக்கிறார். ஒரு நல்ல அச்சு அமைந்துவிட்டால், கைப்பிரஸ்ஸில் உட்கார்ந்து ஒரு பெண்ணோ இளைஞனோ நாள் முழுவதும் துண்டுகளை வெட்டிக்கொண்டேயிருக்கலாம். வித்தை அச்சில் தங்குகிறது. விலை துண்டில் குறைகிறது.

இத்தனையும் சொன்ன பிறகு ஓர் ஆட்சேபத்துக்குப் பதில் கூற வேண்டும். சீன தேசத்துப் பெரிய தொழிற்சாலைகள் கோடிக்கணக்கில் கீல் செய்து தள்ளுகையில், திண்டுக்கல் பட்டறை எம்மாத்திரம் என்பார்கள். நாகரிகச் சட்டங்களின் சந்தையில் போட்டியிடச் சொல்லவில்லை நாம். அந்தச் சந்தையில் சட்டத்துக்குச் சட்டம் கீல் மாறுகிறது. ஒன்று போனால் அதே மாதிரி கிடைப்பதில்லை. முகாம்களில் வழங்கும் கண்ணாடிகளுக்கெல்லாம் ஒரே அளவுள்ள கீல், ஒரே அளவுள்ள தறையாணி என்று ஏற்பாடு செய்தால், ஊருக்கு ஒருவரிடம் ஒரு சிறு டப்பி இருந்தால் போதும். பெரிய வியாபாரி கவனிக்க மறுக்கும் இடம் அது. அங்கே நாம் நிற்கலாம்.

இதற்கு முன்மாதிரி வெகு தூரத்தில் இல்லை. திண்டுக்கல்லிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள மதுரையில், டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அந்நிய தேசங்களிலிருந்து அதிக விலைக்கு வந்த காலத்தில், 1992-ல் அங்கேயே ஆரோலேப் ஏற்பட்டு, அந்த விலையில் ஒரு சிறு பங்குக்கு லென்ஸ் செய்து கொடுத்தது. அதைவிடவா கீல் அரிது? ஜெர்மனியில் மார்ட்டின் அவுஃப்முத் என்ற பள்ளி ஆசிரியர், எஃகுக் கம்பியைக் கையாலேயே வளைத்துச் சட்டம் செய்யும் சிறு கருவி ஒன்றை அமைத்தார். அதற்கு மின்சாரம் வேண்டாம். ஒரு கண்ணாடிக்கான பொருட்செலவு சுமார் ஒரு டாலர். 2012-ல் அதற்கென ஒரு சங்கமும் கண்டார். மூலப்பொருள் மலிவே, யோசனையில்தான் பஞ்சம் என்பதை அவர் காட்டினார். கம்பியில் அவர் கண்டதை நாம் தகட்டில் காணலாகாதா?

செய்ய வேண்டியது என்ன? பூட்டுத் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கமும், இந்த ஜில்லாவின் தொழிற் பயிற்சிக் கூடங்களும், கண் ஆஸ்பத்திரிகளும் ஓரிடத்தில் கூட வேண்டும். ஆஸ்பத்திரி தனக்கு வேண்டிய அளவைச் சொல்லட்டும். பயிற்சிக் கூடம் படம் வரையட்டும். பட்டறை அச்சுச் செய்யட்டும். முதல் நூறு கீல்களை விற்கக்கூடாது; சோதிக்க வேண்டும். கண்ணாடிச் சட்டங்களுக்கான 12870-ம் எண் சர்வதேச விதிப்படி, 500 தடவை அசைத்த பின்னும் சட்டம் முறியக்கூடாது. 5 மில்லிமீட்டருக்கு மேல் கோணவும் கூடாது. ஏழைக்குத்தானே என்று இந்த அளவுகோலைக் குறைக்க எவருக்கும் உரிமை இல்லை. சர்க்காரின் பங்கும் உண்டு. 2025 செப்டம்பரில் பார்வைக் கண்ணாடிகளுக்கும் அவற்றின் சட்டங்களுக்கும் வரியை 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைத்தார்கள், வரவேற்கிறோம். இனி முகாம்களுக்கு மொத்தமாக வாங்கும்போது, பழுது பார்க்கத் தக்க ஒரே அளவுக் கீல் உள்ள சட்டங்களையே வாங்குவது என்று நிபந்தனை விதித்தால், தொழிலுக்கு வேண்டிய கிராக்கி தானே உண்டாகும். மலிவு என்பது தொழிலாளியின் கூலியை அறுத்து வரக்கூடாது என்பதையும் அந்த நிபந்தனையோடு சேர்க்க வேண்டும்.

கீல் ஒன்றே கண்ணைத் திறந்துவிடாது என்பதை நாம் அறிவோம். பார்வையைச் சோதிக்க ஆள் வேண்டும், வில்லை வேண்டும், கண்ணாடி போடுவது வெட்கமல்ல என்ற எண்ணம் வேண்டும். ஆயினும் பெரிய காரியங்கள் சிறிய இடத்தில் முறிகின்றன. அந்த இடத்தைப் பார்த்துப் பலப்படுத்துவதே நிர்மாண வேலை. 1934-ல் கிராமக் கைத்தொழில் சங்கம் கண்டபோது மகாத்மாவும், அதை நடத்திய ஜே. சி. குமரப்பாவும் தேசத்தாருக்குச் சொன்னது இதுவே. அந்த மகாத்மா விட்டுச்சென்ற உடைமைகள் சில. அவற்றுள் மூக்குக்கண்ணாடி ஒன்று. அவர் அணிந்த ஒரு கண்ணாடி 2020-ல் இங்கிலாந்தில் இரண்டு லக்ஷத்து அறுபதினாயிரம் பவுனுக்கு ஏலம் போயிற்று. அவர் பெயரைச் சொல்லும் நாமோ, அவர் சேவித்த ஏழையின் கண்ணாடி நூலில் தொங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சுதேசியத்துக்காகச் சிறையில் வாடிய சுப்பிரமணிய சிவா 1884-ல் பிறந்த வத்தலக்குண்டு இந்த ஜில்லாவில்தான் இருக்கிறது. அவருக்குச் சிலை எழுப்பலாம், விழா எடுக்கலாம். அதோடு, திண்டுக்கல் பட்டறையில் செய்த கீல் பூட்டிய கண்ணாடி வழியாக வத்தலக்குண்டுக் கிழவர் ஒருவர் காலையில் பத்திரிகை படிக்கும்படி செய்வதும் அவருக்குச் செலுத்தும் மரியாதையாகும். திண்டுக்கல் தொழிலாளரும், செல்வரும், தேசத் தொண்டரும் இதை யோசிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். யோசித்து நிறுத்திவிடாமல், முதல் அச்சை இந்த வருஷமே வெட்ட வேண்டும்.