நெரிசல் கட்டணம்: சிறு வணிகர் அறிய வேண்டிய கணக்கு

கூட்டம் மிகுந்த நேரத்தில் நகரின் மையப் பகுதிக்குள் நுழையும் வண்டிகளிடம் தனிக் கட்டணம் வாங்கும் முறை உலகின் சில பெருநகரங்களில் நடைமுறைக்கு வந்துள்ளது. இதையே நெரிசல் கட்டணம் என்கிறார்கள். சரக்கு வண்டியை நம்பிக் கடை நடத்தும் நாம் இதன் சாதக பாதகங்களை அறிந்திருப்பது அவசியம்.

அடிப்படைத் தத்துவம் எளிதானதே. நிரம்பிய சாலையில் இன்னும் ஒரு வண்டி நுழைந்தால், பின்னால் வரும் அத்தனை வண்டிகளும் தாமதப்படுகின்றன. நுழைந்தவர் தமது தாமதத்தை மட்டுமே கணக்கில் கொள்கிறார். பிறருடைய நஷ்டம் அவர் கணக்கில் ஏறுவதில்லை. அதற்கும் ஒரு விலை வைத்தால், நேரத்தை மாற்றிக்கொள்ள முடிந்தவர்கள் மாற்றிக்கொள்வார்கள். அவசரக்காரருக்கு வழி கிடைக்கும். இக்கருத்தை வலியுறுத்தியவர்களில் முக்கியமானவர், 1996-ல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் விக்ரி ஆவார்.

விமான நிலையத்துக்கும் இதே கணக்குதான். 1968-ல் நியூயார்க் விமான நிலையங்களில், நெரிசல் நேரத்தில் இறங்கும் சிறு விமானங்களுக்கான குறைந்தபட்சக் கட்டணம் 5 டாலரிலிருந்து 25 டாலராக உயர்த்தப்பட்டது. அந்நேரங்களில் சிறு விமானங்களின் வரத்து குறைந்தது.

சாலையில் இம்முறைக்கு முன்னோடி சிங்கப்பூர். 1975 ஜூன் மாதம் முதல், காலை 7.30 முதல் 9.30 வரை நகர மையத்துக்குள் வரும் கார்களுக்கு நாளொன்றுக்கு 3 சிங்கப்பூர் டாலர் கட்டணம் விதித்தார்கள். 9.30 அடித்ததும் காத்திருந்தவர்கள் மொத்தமாக உள்ளே நுழையவே, நேரத்தை 10.15 வரை நீட்டித்தார்கள். சரக்கு வண்டிகளுக்கு முதலில் விலக்கு இருந்தது. 1989-ல் அது நீக்கப்பட்டது. ஒரு முறை கிடைத்த சலுகை என்றும் நிலைக்கும் என்று வணிகர்கள் நம்பியிருக்க முடியாது என்பதற்கு இது சான்று.

நியூயார்க்கில் 2025 ஜனவரி 5-ல் இம்முறை தொடங்கியபோது, பகலில் காருக்கு 9 டாலர், சிறு லாரிக்கு 14.40 டாலர், பெரிய லாரிக்கு 21.60 டாலர் என நிர்ணயித்தார்கள். இரவு நேரத்தில் இதில் நாலில் ஒரு பங்குதான். சரக்கை இரவில் இறக்கத் தூண்டுவதே இதன் நோக்கம்.

இனி நம் கணக்குக்கு வருவோம். ஒரு லாரிக்கு வாடகையும் ஆள் கூலியும் சேர்த்து மணிக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 150 ரூபாய். சாலை காலியாகி முக்கால் மணி நேரம் மிச்சமானால் 300 ரூபாய் மிச்சம். கட்டணம் போக 150 ரூபாய் லாபம். நேரம் மிச்சமாகாவிட்டால் 150 ரூபாயும் கைநஷ்டம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த 150 ரூபாய் 100 மூட்டை ஏற்றிய லாரியில் மூட்டைக்கு ஒன்றரை ரூபாய்தான் விழும். 10 மூட்டை ஏற்றிய சிறு வண்டிக்கும் அதே கட்டணம் என்றால் மூட்டைக்கு 15 ரூபாய்! மொத்த வியாபாரிக்குக் கட்டுப்படியாவது சில்லறை மளிகைக்காரருக்குப் பெரும் பாரமாகிவிடும். இரவில் சரக்கு இறக்குவதானாலும், கடை திறந்து வைக்கவும் கூலியாளை நிறுத்தவும் தனிச் செலவு உண்டு.

ஆகவே, எந்த ஊரில் இத்தகைய திட்டம் பேசப்பட்டாலும், வணிகர்கள் கண்ணை மூடிக்கொண்டு எதிர்ப்பதும் ஆதரிப்பதும் சரியன்று என்று கருதுகிறோம். சிறு சரக்கு வண்டிக்குக் குறைந்த கட்டணம், அதிகாலையிலும் இரவிலும் சலுகை, வசூலாகும் பணம் பேருந்துக்கும் சாலைக்கும் செலவாகும் என்ற உறுதி ஆகிய மூன்றையும் முதலிலேயே கேட்டுப் பெற வேண்டும். பக்கத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே வண்டியில் சரக்கு எடுக்கும் பழக்கம் இருந்தால், கட்டணம் வந்தாலும் வராவிட்டாலும் அது லாபமே.